சவுதிக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் பணி: கையெழுத்திடும் முன்

கேள்வி: எனக்கு 34 வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஃபில். முடித்து, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். மாதம் 32,000 ரூபாய் கைக்கு வருகிறது. சவுதி அரேபியாவின் வடபகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்தில், ஒரு கல்லூரியின் பெண்கள் பிரிவில் முதலாண்டு மாணவியருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை ஏஜென்சி ஒன்றின் மூலம் வந்திருக்கிறது. சம்பளம் 5,500 ரியால், தங்குமிடம் இலவசம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். முதலில் பிசினஸ் விசிட் விசாவில் போக வேண்டுமாம், அங்கே போனபின் இக்காமாவுக்கு, அதாவது அங்கே தங்கி வேலை செய்வதற்கான வசிப்பு அனுமதிக்கு, மாற்றித் தருவார்களாம், மெடிக்கல் எதுவும் தேவையில்லையாம். ஏஜென்சிக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும். கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார், "அந்த ஊரில் பெண்ணுக்கு என்ன மரியாதை?" என்று தயங்குகிறார். தனியாகப் போகும் பெண்ணுக்கு அங்கே பாதுகாப்பு உண்டா? பொட்டு வைத்துக்கொள்ளலாமா? அறையில் விளக்கேற்றிக் கும்பிடலாமா? பிடிக்காவிட்டால் பாதியில் திரும்பிவர முடியுமா? ஆறு வயது மகளைப் பின்னர் அழைத்துக்கொள்ள முடியுமா? பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஃபர் லெட்டரின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பாதியில் திரும்பிவர முடியுமா என்பதை நான்காவதாக வைத்திருக்கிறீர்கள். நான் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மற்ற நான்குக்கும் கிடைக்கும் பதில் எப்படி இருந்தாலும், அதை உங்களால் தாங்கிக்கொள்ள முடியுமா என்பது, வேண்டாமென்று தோன்றும் நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப உங்களால் முடியுமா என்பதைப் பொறுத்தது.

முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் வடிவில் இந்த வேலையை ஏற்காதீர்கள். சவுதி அரேபியா கட்டுப்பாடு மிகுந்த நாடு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நானே அங்கே ஆறு ஆண்டுகள், இதே போன்ற முதலாண்டு ஆங்கிலப் பிரிவில் கற்பித்தவள். அந்த ஆறு ஆண்டுகளை வீணென்று நான் நினைத்ததில்லை. திரும்பி வந்தபின், வெளிநாட்டு ஆசிரியர் பணி ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் வேலையில் விசா, கட்டணம், ஒப்பந்தம் ஆகிய மூன்றும் தவறாக இருக்கின்றன. இவை மூன்றும் சரியாகிவிட்டால் என் பதிலும் மாறும்.

முதலில் விசா. பிசினஸ் விசிட் விசா வியாபாரப் பேச்சுக்கும் கூட்டங்களுக்கும் வருகிறவர்களுக்கு உரியது. அந்த விசாவில் போய் வகுப்பெடுப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் உங்களை அனுப்பிய ஏஜென்சி அங்கே இருக்காது, வகுப்பறையில் நிற்கும் நீங்கள்தான் இருப்பீர்கள். வேலை விசா என்றால் புறப்படும் முன்பே, இந்தியாவில், 'வாஃபித்' முறையில் அங்கீகரிக்கப்பட்ட மையம் ஒன்றில் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். வளைகுடாவுக்குப் போய்வந்த பழைய ஆட்கள் இன்றும் அதைக் 'காம்கா மெடிக்கல்' என்றே சொல்வார்கள். மெடிக்கல் தேவையில்லை என்பதை ஏஜென்சி ஒரு வசதியைப் போல உங்களிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அது, இது வேலை விசா அன்று என்ற ஒப்புதலாகவே படுகிறது. வேலை விசாவில் வந்தவருக்கு வந்திறங்கிய 90 நாட்களுக்குள் இக்காமா எடுத்துத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. விசிட் விசாவில் வந்தவருக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. இக்காமா இல்லையென்றால் சம்பளக் கணக்கு இல்லை, பதிவான ஒப்பந்தம் இல்லை, நிறுவனம் தர வேண்டிய மருத்துவக் காப்பீடும் இல்லை. சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே உங்கள் மீது திரும்பும்.

அடுத்தது கட்டணம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப இந்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்ற முகவர், வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. 18 சதவீதம் சேர்த்தால் 35,400 ரூபாய். உங்களிடம் கேட்பது அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, ஆளெடுப்புச் செலவு, இக்காமா, வேலை அனுமதி, அவற்றின் புதுப்பிப்பு, எக்ஸிட் ரீ-என்ட்ரி (நாட்டைவிட்டுப் போய்த் திரும்பிவரும் அனுமதி) ஆகியவற்றின் கட்டணங்களோடு, பணி முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட்டையும் வேலை கொடுப்பவர் தலையிலேயே சுமத்துகிறது. அப்படியிருக்க ஒன்றரை லட்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜென்சியின் பதிவு எண்ணை வாங்கி 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் உள்ள பட்டியலில் தேடிப் பாருங்கள். இது பத்து நிமிட வேலை. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் இதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தீராத வியப்பு. தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. அங்கும் ஒருமுறை விசாரிக்கலாம்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.என்.ஆர். வகையைச் சேர்ந்தது. குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி உங்களுக்குத் தேவைப்படாது. பலர் இதைப் படித்தவர்களுக்குக் கிடைத்த சலுகையாக மட்டுமே பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு கட்டடத் தொழிலாளி சவுதிக்குப் போகும்போது அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அரசு அலுவலகம் பார்த்துத்தான் அனுப்புகிறது. எம்.ஃபில். படித்த உங்கள் ஒப்பந்தத்தை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை.

அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கும் பேச்சே வேண்டாம். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒற்றை முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சவுதி அரேபியா 2022-இல் சேர்ந்துவிட்டது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறுவதற்காகச் சான்றிதழ் சில நாட்கள் உங்கள் கையை விட்டுப் போகும், பின்பு உங்களிடமே திரும்பி வரும். அதை ஏஜென்சியோ நிறுவனமோ பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே தடை செய்யப்பட்டதுதான். தடை இருந்தும் கேட்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். சான்றிதழைக் கேட்பவர் நாளை பாஸ்போர்ட்டையும் கேட்பார் என்று எதிர்பாருங்கள்.

இனி ஒப்பந்தம். நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரின் தலைப்பில் கல்லூரியின் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடும் இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நீங்கள் இதைக் கவனித்தீர்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. முதலாண்டு ஆங்கிலப் பாடத்தைத் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டுவிடுவது அங்கே வழக்கமாக இருந்துவரும் ஒன்றுதான். அதில் தவறில்லை. ஆனால் உங்கள் கஃபீல், அதாவது ஸ்பான்சர், கல்லூரி அன்று, அந்த நிறுவனம். கல்லூரி நல்லதாக இருப்பதால் உங்களுக்குப் பெரிய லாபமில்லை. கல்லூரி நிறுவனத்துக்குப் பணம் தரத் தாமதித்தால் நிறுவனம் உங்களுக்குத் தரத் தாமதிக்கும். கல்லூரி அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்தால் உங்கள் வேலை நடுவில் நிற்கும். ஆகவே விசாரிக்க வேண்டியது அந்த நிறுவனத்தைப் பற்றி. அங்கே இப்போது வேலை செய்யும் இந்திய ஆசிரியை ஒருவருடன், ஏஜென்சிக்காரர் பக்கத்தில் இல்லாமல், நேரடியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். சம்பளம் மாதத்தில் எந்தத் தேதிக்கு வருகிறது, இக்காமா கைக்கு வர எத்தனை நாள் ஆனது என்று இரண்டே கேள்விகளை அவரிடம் கேட்டால் போதும்.

வெளிநாட்டவரின் வேலை ஒப்பந்தம் சவுதியில் எழுத்து வடிவில், காலவரையறை உள்ளதாக இருக்க வேண்டும். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்து இரண்டும் முரண்பட்டால் அரபி வாசகமே செல்லும். ஆங்கிலம் கற்பிக்கப் போகும் உங்களைக் கட்டுப்படுத்தப் போவது உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழி. எனவே அரபிப் பக்கங்களை இங்கேயே ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், ஏஜென்சி கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

திரும்பிவரும் கேள்விக்கு இப்போது வருகிறேன். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இரு பக்கமும் வெட்டும். காலவரையறையுள்ள ஒப்பந்தத்தைத் தக்க காரணமின்றி முறிப்பவர், இழப்பீடு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்படாத பட்சத்தில், எஞ்சிய காலத்துக்கான ஊதியத்தை மற்றவருக்குத் தர வேண்டும். அது இரண்டு மாத ஊதியத்துக்குக் குறையக் கூடாது. நிறுவனம் உங்களை நியாயமின்றி நீக்கினால் இது உங்களுக்குக் கவசம். நீங்கள் பத்தாம் மாதத்தில் மனம் ஒடிந்து, முறைப்படி ராஜினாமா செய்யாமல் கிளம்பினால், எஞ்சிய 14 மாதத்துக்கு 77,000 ரியால் உங்களிடம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எல்லா நிறுவனமும் கேட்காது. ஆனால் வழக்கு ஒன்று பதிவாகிப் பயணத் தடை விழுந்துவிட்டால், டிக்கெட் கையில் இருந்தும் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. அங்கே வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் எடுக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதும் இதே பயணத் தடையை நினைத்துத்தான். உங்கள் ஆஃபர் லெட்டரில் இழப்பீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. '60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இரு தரப்பும் விலகலாம், அவ்வாறு விலகினால் இழப்பீடு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்படாது' என்ற பொருளில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒப்பந்தங்களில் நல்ல நிறுவனங்கள் இதற்குப் பெரிதாக மறுப்புச் சொன்னதில்லை.

தகுதிகாண் காலம் என்று ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதலாம், அது 180 நாட்கள் வரை இருக்கலாம். அந்தக் காலத்துக்குள் விலகுவது எளிது. ஆசிரியர்கள் பலர் இதைத் தங்களுக்கு எதிரான ஏற்பாடாக நினைத்துக் குறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது கதவில் ஒரு தாழ்ப்பாள் குறைவு என்று பொருள். முழு 180 நாட்களையும் கேட்டு வாங்குங்கள். தக்க காரணமில்லாமல் நீங்களாக விரும்பித் திரும்பினால் டிக்கெட் செலவு உங்களுடையது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாறாக, நிறுவனம் சம்பளம் தராமலோ, சொன்ன வேலைக்கு மாறான வேலையைத் திணித்தோ, ஒப்பந்தத்தை ஏமாற்றிப் போட்டோ இருந்தால் முன்னறிவிப்பின்றி விலக 81-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

நம் ஊரில் இன்னும், சவுதி என்றால் கஃபீல் விட்டால்தான் வெளியே வர முடியும் என்றே பேசுகிறார்கள். 2021 மார்ச் 14 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் இதைப் பெருமளவு மாற்றியிருக்கிறது. தனியார் துறையில் ஓராண்டு பணி முடித்தவர் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். எக்ஸிட் ரீ-என்ட்ரியையும், ஒரேயடியாக ஊர் திரும்பும் ஃபைனல் எக்ஸிட்டையும் 'அப்ஷர்' என்ற அரசுச் செயலியில் தாமே விண்ணப்பிக்கலாம், நிறுவனத்துக்கு அறிவிப்புப் போகும். இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் நிறுவனத்தின் பிடி முழுக்கத் தளர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இக்காமாவைப் புதுப்பிப்பது இன்றும் நிறுவனத்தின் வேலை. இக்காமா காலாவதியானால் வங்கிக் கணக்கு முடங்கும், எக்ஸிட் ரீ-என்ட்ரி கிடைக்காது. நான் போயிருந்த காலத்தில், சீர்திருத்தத்துக்கு முன்பு, என்னை வேலைக்கு எடுத்திருந்த நிறுவனம் மூன்று மாதம் சம்பளமும் தரவில்லை, இக்காமாக்களைப் புதுப்பிக்கவும் இல்லை. என்னுடன் தங்கியிருந்த தோழியின் தந்தை அந்த மூன்று மாதத்தில்தான் இறந்தார். அவள் சடங்குகளைத் தொலைபேசியில் பார்த்தாள். ஒரு பெண்ணின் நடை உடையைக் கட்டுப்படுத்திய எந்தச் சட்டமும் எங்களை அந்த அளவுக்கு வதைத்ததில்லை. ஒரு கணக்கர் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டது வதைத்தது.

ஆகவேதான் ஒப்பந்தம் 'கிவா' என்ற அரசுத் தளத்தில் பதிவாகி, உங்கள் கணக்கிலிருந்து நீங்களே ஏற்றுக்கொள்ளும் வகையில் இருக்க வேண்டும் என்கிறேன். பதிவான ஒப்பந்தமும் வங்கி வழிச் சம்பளமும் இருந்தால் உங்கள் புகாருக்கு ஆதாரம் அரசிடமே இருக்கும். புகார் முதலில் சமரசப் பிரிவுக்கும், அங்கே தீராவிட்டால் 2018 முதல் இயங்கிவரும் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கும் போகும். இக்காமாவில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று அச்சாகிறதா என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். அதில் எழுத்தர் என்றோ வேறெதுவோ இருந்து நீங்கள் வகுப்பெடுத்தால் அதுவும் விதிமீறல்.

பணத்தைப் பார்ப்போம். ஒரு ரியாலைச் சுமார் 23 ரூபாய் என்று வைத்தால் 5,500 ரியால் 1,26,500 ரூபாய். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் 2020 முதல் பொருட்களுக்கு 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. மாதம் 2,000 ரியாலில் நீங்கள் காலம் தள்ளினால் 3,500 மிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு 84,000 ரியால், அதாவது 19 லட்சத்துக்கு மேல். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்த நிறுவனங்களில் கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராதவையும் உண்டு, உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆண்டுக்குப் பத்து மாதச் சம்பளம்தான் என்றால், விடுமுறையை ஊரில் கழிப்பதாக வைத்தாலும் மிச்சம் 70,000 ரியாலாகக் குறையும். அது சுமார் 16 லட்சம். இங்கே இரண்டு ஆண்டில் நீங்கள் விட்டுவிடும் சம்பளம் 7,68,000 ரூபாய். ஏஜென்சிக்கு ஒன்றரை லட்சம். இவற்றைக் கழித்தால் கையில் நிற்பது ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஆண்டு முடித்தால் பணிமுடிவுத் தொகையாக ஆண்டுக்கு அரை மாதம் வீதம் ஒரு மாதச் சம்பளம் வரும். இரண்டு ஆண்டு நிறையும் முன் நீங்களாக ராஜினாமா செய்தால் அது இல்லை. ஆறு வயது மகளைப் பிரிந்திருக்க ஏழு லட்சம் போதுமா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது 30 லட்சக் கணக்கு என்றால் (5,500-ஐ 23-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் அதுதான் வரும்) அதை மறந்துவிட்டு இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கணவரோடு பேசுங்கள்.

மகளை அழைத்துக்கொள்வது இந்தச் சம்பளத்தில் கடினம். உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு. கணவரும் மகளும் வந்தால் மாதம் 800, உங்கள் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு, வீட்டு வாடகைக்கு முன்பே போய்விடும். இலவசத் தங்குமிடம் என்பது பெரும்பாலும் மற்ற ஆசிரியைகளோடு பகிரும் குடியிருப்பு, அதில் குழந்தைக்கு இடமிராது. இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் ரியாத், ஜித்தா, தம்மாம், ஜுபைல், தபூக் போன்ற ஊர்களில் இருக்கின்றன. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஊரின் பெயர் அவற்றில் இல்லை. இரண்டு ஆண்டும் மகள் இங்கேயே இருப்பாள் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் கேட்டிருந்தால் அவர் பக்கமே பேசியிருப்பேன். பெண்கள் கார் ஓட்ட அனுமதி 2018 ஜூனில் வந்தது. ஒழுக்கக் காவலர்களின் கைது அதிகாரம் 2016-இலேயே பறிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெண்கள் அபாயா என்ற நீண்ட மேலங்கியை அணிந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை, அடக்கமான உடை போதும். இவை ரியாத்திலும் ஜித்தாவிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். வடக்கே ஒரு சிறு நகரத்தில், கல்லூரி வாசலில் எல்லாப் பெண்களும் கறுப்பில் வரும்போது நீங்கள் மட்டும் சுடிதாரில் இறங்க உங்களுக்கே மனம் வராது, இரண்டு அபாயாக்களை வாங்கிவிடுவீர்கள். பெண்கள் பிரிவுக்குள் ஆண்கள் வருவதில்லை. சக ஆசிரியைகளும் மாணவியரும் மரியாதையாகவே நடத்துவார்கள். இரவில் தெருவில் நடந்தபோது எனக்குப் பயமே இருந்ததில்லை. கஷ்டம் வேறு விதமாக வரும். வெள்ளி, சனி விடுமுறைகளில் நான்கு சுவருக்குள் அடைந்து கிடப்பதும், நீங்கள் தேர்ந்தெடுக்காத மூன்று பேரோடு ஒரே சமையலறையைப் பகிர்வதும்தான் நான் பார்த்த பலரை ஊருக்குத் திருப்பி அனுப்பியவை.

பொட்டு வைத்துக்கொள்ளலாம், அறைக்குள் உங்கள் அளவில் கும்பிட்டுக்கொள்ளலாம். பொது இடத்தில் வேற்றுச் சமய வழிபாட்டுக்கு அனுமதியில்லை, கோயிலும் தேவாலயமும் அந்நாட்டில் இல்லை. பத்துப் பேரைக் கூட்டி நவராத்திரி வைக்க நினைக்காதீர்கள். சமயத்தைப் பற்றி மாணவியர் ஆர்வமாகக் கேட்பார்கள், பெரும்பாலும் அன்போடுதான் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பப் பழகிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் ஓர் இலக்கிய ஆசிரியைக்கு உடையைவிடப் பெரிய கட்டுப்பாடு அது. ஆங்கிலப் பாடநூல் பதிப்பாளர்கள் உலகெங்கும் விற்கும் நூல்களில் தவிர்க்கும் பொருள்களை 'பார்ஸ்னிப்' என்ற கிழங்கின் பெயரால் குறிப்பார்கள். அரசியல், மது, மதம், பாலுறவு, போதை, 'இசம்' என்று முடியும் கொள்கைகள், பன்றி இறைச்சி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து அந்தச் சொல்லாகின்றன. அங்கே உங்கள் கைக்கு வரும் பாடநூல் இவையெல்லாம் களையப்பட்ட மத்திய கிழக்குப் பதிப்பாக இருக்கும். நூல் பாதுகாப்பானது, ஆபத்து நூலுக்கு வெளியே. வகுப்பு தூங்குகிறது என்று விவாதத் தலைப்பு ஒன்றைப் பலகையில் எழுதுவது இங்கே உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றிய விவாதம் நம் கல்லூரியில் தேய்ந்துபோன தலைப்பு. அங்கே அது யார் வீட்டில் எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியாது. ஒன்பது ஆண்டுகள் மாணவர்களை வாய் திறக்க வைத்த ஒருவருக்கு, தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது மெல்ல மெல்லக் களைப்பூட்டும் வேலை. எனக்கு மூன்றாம் ஆண்டில் அது உறைத்தது. ஊருக்கு விடுமுறையில் வந்தபோதும், ஒரு கருத்தைச் சொல்லும் முன் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் எழுதுவது இன்னும் கனமானது. 2007-இன் இணையக் குற்றச் சட்டம், பொது ஒழுங்குக்கும் சமய விழுமியங்களுக்கும் ஊறு செய்வதாகக் கருதப்படும் பதிவுகளுக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 30 லட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. முகம்மது அல்-காம்தி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், மிகச் சிலரே பின்தொடர்ந்த கணக்குகளில் எழுதிய பதிவுகளுக்காக 2023-இல் மரண தண்டனை பெற்றார். அது நீக்கப்பட்டு 2024-இல் 30 ஆண்டுச் சிறையாக மாறியது. அவர் சவுதிக் குடிமகன். இந்திய ஆசிரியை ஒருவருக்கு அப்படி நேரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் முகநூலில் பழைய அரசியல் பதிவுகள் இருந்தால் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கிருக்கும்வரை அந்நாட்டைப் பற்றியோ அரச குடும்பத்தைப் பற்றியோ வாட்ஸ்அப் குழுவில்கூட ஒரு வார்த்தை எழுதாதீர்கள். மாணவியர் பிறந்தநாள் கேக்கோடு உங்களைச் சூழ்ந்து நின்றாலும் படம் எடுக்காதீர்கள். ஒரு பெண்ணின் படம் அனுமதியின்றி வெளியே போவது அங்கே குடும்ப விவகாரமாகி, காவல் நிலையம் வரை போகக்கூடியது.

தொழில் வளர்ச்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எளிய வாக்கியங்களையும் நிகழ்காலத் தொடர்வினையையும் இரண்டு ஆண்டுகள் கற்பிப்பீர்கள். இலக்கியம் இராது. வளைகுடாவில் நல்ல இடங்களுக்குப் பின்னர் விண்ணப்பிக்க நினைத்தால் அனுபவச் சான்றோடு, ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா போன்ற ஒரு பயிற்சித் தகுதியும் இருப்பது நல்லது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு வேறொரு சம்பளம் என்ற பாகுபாடும் அங்கே உண்டு. அது உங்கள் தகுதியின் மதிப்பீடு அன்று என்பதை முதல் மாதத்திலேயே மனதுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். இங்குள்ள கல்லூரியில் ஊதியமில்லா விடுப்புக் கேட்டுப் பார்க்காமல் ராஜினாமா செய்யாதீர்கள்.

பதினைந்து நாள் கெடு உங்களை அவசரப்படுத்துவதற்காக அவர்கள் வைத்தது. அதை நீங்கள் அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தலாம். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலை விசாவாக இருக்க வேண்டும், மெடிக்கலுக்குச் சீட்டு வேண்டும், கட்டணம் சட்ட வரம்புக்குள் ரசீதோடு இருக்க வேண்டும், சான்றிதழ் நகல்தான் தருவேன், இக்காமாவில் ஆசிரியர் என்று இருக்க வேண்டும், கோடை மாதச் சம்பளமும் வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், விலகல் பிரிவு சேர வேண்டும். இதற்குப் பதில் தொலைபேசியில், "மேடம், அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வந்தால், அதை அப்படியே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லையென்றால் உங்கள் கல்லூரியில் அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டத்தைத் தயாரிக்கத் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் சம்மதம் வந்தால் அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அப்போது போய்வாருங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமிராது. ரியாத்திலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணும், குறை தீர்க்கும் 'மதத்' தளத்தின் முகவரியும் கணவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்படிப் புறப்படும் நாள் வந்தால், அம்மாவோ மாமியாரோ அரைத்துக் கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் அடுக்களையில் அது குருமாவுக்குப் போடும் சரக்கு. சவுதி சுங்கத்தில் அது போதைப்பொருள். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ எடுத்துப் போவதாக இருந்தால் மருத்துவர் சீட்டோடு, அந்த மருந்துக்கு அங்கே முன் அனுமதி தேவையா என்றும் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.